பூனைக்கு இட்ட பால்

வைஷ்ணவத்தில் தென்கலையார் சரணாகதிக்குக் காட்டும் திருஷ்டாந்தம் மார்ஜால நியாயம். தாய்ப்பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் சென்று காப்பதுபோல, ஜீவனின் பிரயத்தனத்தை எதிர்பாராமலே பகவான் அதனைக் காக்கிறான் என்பது அதன் தாற்பரியம். குட்டியின் மேனியில் ஒரு பல்லும் பதியாமல் தூக்கிச் செல்லும் அதே பூனை, நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலைக் குடியிருப்பின் வேலியோரத்திலிருந்து, பறக்கத் தெரியாத கொண்டைக்குருவிக் குஞ்சொன்றைக் கவ்வி வந்து வாயிற்படியில் போட்டு, அது சிறகடிக்கும்போதெல்லாம் முன்காலால் தட்டி, உயிர் போனபின் முகர்ந்தும் பாராமல் அகன்றதைக் கண்டிருக்கிறேன். அருகிலேயே கிண்ணத்தில் பால் மிச்சமிருந்தது. வயிறு நிறைந்தாலும் பூனையின் வேட்டைச் சுபாவம் அடங்குவதில்லை.

இந்தப் பாபம் யாரைச் சேரும்? விவேகமற்ற பிராணிக்குத் தர்மாதர்மம் இல்லை. ஆகவே பூனையைச் சேராது. சிறுத்தையும் கொல்கிறதே, இதுவும் இயற்கைதானே என்று சிலர் சமாதானம் சொல்வர். அது எனக்கு உடன்பாடன்று. காட்டில் இரை குறைந்தால் சிறுத்தையும் குறையும். பூனையோ நம் அடுக்களையை அண்டிப் பெருகுவதால், பறவைகள் அருகினாலும் அது அருகுவதில்லை.

ஹிம்சையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாகச் சமணர் வகுத்தனர். 12-ஆம் நூற்றாண்டுச் சமண ஆசாரியரான ஹேமசந்திரர், இல்லறத்தார் விலக்க வேண்டிய தொழில்களுள் பொருளுக்காகப் பூனை முதலியவற்றை வளர்ப்பதையும் சேர்த்தார். பொருள் கருதாமல் அன்பினால் வளர்ப்பவர்க்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும் என்றே எண்ணுகிறேன். நம் முற்றத்து ஜீவனுக்கு இடும் அன்னம் வேலிக்கு அப்பாலுள்ள ஜீவனுக்கு யமனாகுமானால், அந்த ஜீவகாருண்யம் பூரணமானதன்று.

நீலகிரியில் இது அற்ப விஷயமுமன்று. சோலை விளிம்புகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் தாழ்ந்த புதர்களில் இரை தேடும் நீலகிரிச் சிலப்பன், இந்த மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. நியூஸிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-ஆம் ஆண்டையொட்டிக் கலங்கரை விளக்கத்தாரோடு வந்த பூனைகள், அங்கே எஞ்சியிருந்த ஒரு சிற்றினப் பறவையை அடியோடு இல்லாமற் செய்துவிட்டன.

வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சோலையோரம் விட்டு வந்து, தாம் கொல்லவில்லை என்று ஆறுதல் கொள்வோர், குட்டிக்கும் பறவைக்கும் ஒருங்கே துரோகம் செய்கின்றனர். பூனை வளர்க்கும் அன்பர்கள் கால்நடை மருத்துவரிடம் அதற்குக் கருத்தடை செய்விக்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் பிப்ரவரி முதல் ஜூன் வரையிலேனும், வைகறையிலும் அந்தியிலும் அதனை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும்.