வாலாட்ட மறுத்த நாய்

நன்றிக்கு உதாரணம் கேட்டால் நம் மரபு நாயைக் கைகாட்டும். நாலடியாரில் நட்பைப் பற்றிய ஒரு வெண்பா யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்துகிறது. எத்தனை காலம் பழகினாலும் யானை தன் பாகனையே கொன்றுவிடும். நாயோ, எஜமானன் எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதும் அவனைப் பார்த்து வால் குழைக்கும். ஆகவே யானை போன்றவர்களை விலக்கி நாய் போன்றவர்களோடு சேர்ந்துகொள் என்பது உபதேசம். பள்ளிக்கூடத்தில் இதை ஒப்பித்தோம். வேலை எறிந்தவன் யார், எதற்காக எறிந்தான் என்று கேட்க யாரும் சொல்லித்தரவில்லை. நாயின் குணத்தை நிரூபிக்க அதன் உடம்பில் ஒரு வேல் தேவைப்பட்டிருக்கிறது என்பதுதான் அந்த வெண்பாவில் என்னை உறுத்துகிற விஷயம். எறிந்தவன் மேல் ஒரு சொல் இல்லை. அவன் நட்புக்குத் தகுதியானவனா என்பது விவாதத்துக்கே வரவில்லை.

ஹங்கேரிய இயக்குநர் கோர்னெல் முந்த்ருட்சோவின் 'வெள்ளைக் கடவுள்' என்ற படத்தை இந்த வெண்பாவுக்குச் சொல்லப்பட்ட மறுப்பாகவே என்னால் பார்க்க முடிகிறது. 2014இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற படம். கதை எளிது. பதின்மூன்று வயதுச் சிறுமி லிலி. தாய் வெளிநாடு போவதால் பிரிந்து வாழும் தகப்பனிடம் சில மாதங்கள் விடப்படுகிறாள். கூடவே ஹாகன் என்ற அவளுடைய நாய். ஹாகன் கலப்பினம். கலப்பின நாய் வைத்திருந்தால் வரி கட்டவேண்டும் என்று படம் கற்பித்துக்கொள்ளும் ஒரு புடாபெஸ்ட் நகரம். தகப்பனின் உத்தியோகம் கசாப்புக்கூடத்தில் இறைச்சியைச் சோதித்து முத்திரை வைப்பது. எது தின்னத் தகுந்தது, எது தகாதது என்று தீர்ப்புச் சொல்லிப் பழகிய அந்த மனிதன், ஒருநாள் நாயைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுக் காரை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

அதற்குப் பிறகு ஹாகன் கைமாறுகிறது. நாய்ச்சண்டை நடத்துகிறவனிடம் போய்ச் சேருகிறது. அடியும் மருந்தும் கொடுத்து, பல்லைக் கூராக்கி, அதைக் கொல்லும் மிருகமாகத் தயாரிக்கிறார்கள். கடைசியில் நகரத்து நாய்க்கிடங்கில் அடைபட்ட நாய்களெல்லாம் அதன் பின்னால் திரண்டு, தம்மை வதைத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போகின்றன. நாலடியார் சொன்ன நாய் யானையாகிவிடுகிறது. அறிந்து அறிந்தே கொல்கிறது.

இதை ஒடுக்கப்பட்டவர்களின் எழுச்சி பற்றிய உருவகம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொல்வதற்குப் படமே இடம் தருகிறது. கலப்பினம், வரி, கிடங்கு, தூய இனம் என்ற சொற்களை ஐரோப்பாவின் காதில் போட்டால் வேறு எதுவும் கேட்காது. என் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு ஜீவனை இன்னொன்றுக்கு உருவகமாக்கும்போது அந்த ஜீவனுக்கு நாம் செய்வது என்ன? ஹாகன் அகதி என்றோ சிறுபான்மையோன் என்றோ அர்த்தப்படுத்திக்கொண்ட மறுகணம், சாலையோரத்தில் இறக்கிவிடப்பட்ட நாயை நாம் இரண்டாம் முறையாகக் கைவிட்டுவிடுகிறோம். அர்த்தம் நம்மோடு காரில் ஏறிக்கொள்கிறது. நாய் அங்கேயே நிற்கிறது.

இந்த இரண்டாவது கைவிடல் நமக்குப் புதிதல்ல. மகாபாரதத்தின் முடிவில் யுதிஷ்டிரன் தன்னோடு மலையேறி வந்த நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கு வர மறுக்கிறான். அடைக்கலம் என்று வந்ததை விடுவது மகாபாவம் என்று வாதாடுகிறான். உலக இலக்கியத்தில் இவ்வளவு தீர்க்கமாக ஒரு நாயின் பக்கம் நின்ற மனிதனை நான் அறியேன். ஆனால் காவியத்துக்கு அது தாங்கவில்லை. நாய் தர்மதேவதையாக உருமாறிவிடுகிறது. எல்லாம் ஒரு பரீட்சை. பரீட்சையில் யுதிஷ்டிரன் தேறினான், சரி. நாய் என்ன ஆயிற்று? நாய் என்று ஒன்று இல்லவே இல்லை என்கிறது கதை. அது வெறும் நாயாகவே கடைசிவரை இருந்திருந்தால், சொர்க்கத்தின் வாசலில் இந்திரனுக்கு நிஜமான ஒரு தார்மீகச் சங்கடம் ஏற்பட்டிருக்கும். அந்தச் சங்கடத்திலிருந்து இந்திரனைக் காப்பாற்றியது உருவகம்.

தத்துவவாதிகளும் இதே வழியில்தான் போயிருக்கிறார்கள். உழைத்து ஓய்ந்த நாயைச் சுட்டுக்கொல்கிறவன் அந்த நாய்க்குச் செய்யவேண்டிய கடமை எதிலும் தவறவில்லை என்றார் காண்ட். அதற்குத் தீர்ப்புச் சொல்லும் புத்தி கிடையாது. அவன் தன்னிடத்திலுள்ள மனிதத் தன்மைக்குத்தான் ஊறு செய்துகொள்கிறான். அதாவது நாய் ஒரு பயிற்சிக்களம். அதன்மேல் கருணை பழகினால் மனிதரிடம் கருணை வரும். லெவினாஸ் 1975இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், நாஜி ஜெர்மனியில் யூதப் போர்க்கைதியாகத் தான் இருந்த முகாமுக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்த பாபி என்ற நாயை நினைவுகூர்கிறார். காவலாளிகளும் ஊர்க்காரர்களும் கைதிகளை மனிதர்களாகப் பார்ப்பதை நிறுத்திவிட்ட இடத்தில், வேலை முடிந்து திரும்பும் அவர்களைக் குதித்துக் குரைத்து வரவேற்றது அந்த நாய். அதற்கு அவர்கள் மனிதர்கள்தாம் என்பதில் சந்தேகமிருக்கவில்லை. நாஜி ஜெர்மனியின் கடைசிக் காண்டியவாதி என்று அதற்குப் பட்டம் கொடுக்கிறார் லெவினாஸ். உடனே, தன் விதிகளைப் பொதுமைப்படுத்தும் மூளை அதற்கு இல்லை என்று பட்டத்தில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். சில வாரங்களில் காவலாளிகள் பாபியை விரட்டிவிட்டார்கள். அதன் பிறகு அது எங்கே போயிற்று என்பது கட்டுரையின் விஷயமல்ல.

இந்த உருவகத்தை நம் மண்ணில் அப்படியே நட்டுவிடவும் முடியாது. ஒடுக்கப்பட்டவன் நாய் மாதிரி நடத்தப்படுகிறான் என்ற வாக்கியத்தில் ஐரோப்பியனுக்குக் கேட்கும் நியாயம் இங்கே கேட்காது. 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகாடில் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்க் குடித்துக்காட்டிய குளத்தில், ஆடு மாடு நாய் எதுவும் அதற்கு முன்பே தடையில்லாமல் வாய் வைக்க முடிந்தது. மனிதர்களுக்குத்தான் தடை. ஆக நாய் மாதிரி என்பது இந்தியாவில் சிலருக்கு மறுக்கப்பட்ட அந்தஸ்து. இதைத் தெரிந்துகொண்டு எடுக்கப்பட்ட படம் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018). அதில் கருப்பி என்ற வேட்டை நாயைத் தண்டவாளத்தில் கட்டிவைத்து ரயிலுக்குக் கொடுக்கிறார்கள். கருப்பி எதற்கும் உருவகமாக இருந்ததால் சாகவில்லை. யாருடைய நாயோ அதற்காகச் செத்தது. எஜமானனின் ஜாதி நாயின் உடம்பில் ஏறிவிட்டது. பரியன் அதற்கு ஒரு மனுஷிக்குச் செய்வதுபோல் ஒப்பாரியோடு சடங்கு செய்து புதைக்கிறான். பிறகு அது அவன் பிரக்ஞையில் திரும்பத் திரும்ப வருகிறது. அவனையே தண்டவாளத்தில் கிடத்தும்போது எழுப்புவதும் அதுதான். கருப்பிக்கும் ஹாகனுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் சினிமா விமர்சனம் போதிய அளவு யோசிக்கவில்லை என்று படுகிறது. கருப்பி பறிகொடுக்கப்பட்டது, ஹாகன் கைவிடப்பட்டது. முதலாவதில் எதிரி வெளியே இருக்கிறான். இரண்டாவதில் எதிரி சோறு போட்ட கை.

கைவிடலை நான் நாயுடுபுரத்தில் வருஷந்தோறும் பார்க்கிறேன். கொடைக்கானலில் சித்திரை வைகாசி சீசன். கீழிருந்து குடும்பங்கள் வந்து வீடெடுத்துத் தங்குகின்றன. குழந்தைகள் தெருவில் ஒரு குட்டியைப் பிடித்துக்கொள்கிறார்கள், பெயர் வைக்கிறார்கள், ரொட்டியும் பாலும் வைக்கிறார்கள், மாலைக் குளிரில் ஸ்வெட்டருக்குள் பொதிந்துகொள்கிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் கார்கள் மலையிறங்கும். யாரும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. குரூரம் என்று சுட்டிக்காட்ட ஒரு செயலும் இல்லை. மழை பிடித்த பிறகு பூட்டிய கேட்டுக்கு முன்னால் படுத்திருக்கும் அந்தக் குட்டிக்கு ஒரு பெயர் மட்டும் மிச்சம். அதைச் சொல்லி அழைக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லை. இவர்கள் கெட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அன்பு இருந்தது, நிஜமான அன்பு. அன்பு இருந்ததுதான் குற்றத்தை உண்டாக்குகிறது என்பது என் வாதம்.

எங்கள் தெருக்களில் காட்டெருமையும் வருகிறது. சோலையைவிட்டு இறங்கி, கேட்டோரம் நின்று புல் மேய்ந்துவிட்டுப் போகும். அதற்கு 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, திரும்பிப்போகக் காடு இருக்கிறது. அதனிடம் யாரும் எதையும் வாக்குக் கொடுத்ததில்லை. நாயின் ஸ்திதி வேறு. ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதன் தன் அடுப்போரத்தில் வைத்துச் செய்துகொண்ட பிராணி அது. திரும்பிப்போக அதற்கு ஒரு காடு நாம் விட்டுவைக்கவில்லை. நாய்க்கு இருப்பது நம் சொல் மட்டும்தான். எழுதப்படாத, உச்சரிக்கப்படாத ஒரு சொல். ஒருமுறை சோறு வைத்தவன் அந்தச் சொல்லைக் கொடுத்துவிடுகிறான். அடிப்பதும் கொல்வதும் துன்பம் விளைவிப்பதால் தவறு. கைவிடுவது, துன்பம் விளைந்தாலும் விளையாவிட்டாலும், வாக்குத் தவறுவதாகையால் தவறு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் (1960) பசி தாகத்துக்கு ஆளாகும்படி பிராணியைக் கைவிடுவதைக் குற்றமாகச் சேர்த்தது. முதல் குற்றத்துக்கு அது வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நம் சமூகம் ஒரு சொல்லுக்கு வைத்த விலை என்று இதைக் கொள்ளலாம்.

இதற்கு எதிரே சொல்லவேண்டிய வலுவான வார்த்தை ஒன்று உண்டு. கடிபட்ட குழந்தை. நாய்க்கடி வெறி நோய் வந்தபின் பிழைப்பது அநேகமாக இல்லை. 1907இலேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்ட நாட்டில், தடுப்பூசி எட்டாமல் இன்னமும் ஏழைகளின் பிள்ளைகள் அதனால் சாகிறார்கள். இதைச் சொல்லாமல் நாயைப் பற்றி உருகுவது அபத்தம். 2025 ஆகஸ்ட் 11இல் உச்சநீதிமன்றம் தில்லியின் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னதும், அதே மாதம் 22இல் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது என்று மாற்றியதும், நவம்பர் 7இல் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்தவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றதும் இந்தச் சங்கடத்தின் அலைவுகள். இரண்டு பக்கமும் கூச்சல். நாய்நேசர்கள் கடிபட்ட குழந்தையைப் பற்றிப் பேசுவதில்லை. மற்றவர்கள் தெருவில் நாய் எப்படி வந்தது என்று பேசுவதில்லை. தெருநாய் என்று ஒரு இனம் வானத்திலிருந்து விழவில்லை. ஏதோ ஒரு தலைமுறையில் யாரோ கேட்டைச் சாத்திக்கொண்டதன் சந்ததிதான் அதில் பெரும்பங்கு. கடித்த நாயும் கடிபட்ட குழந்தையும் மூன்றாவது ஒருவனின் கணக்கில் எழுதப்படவேண்டியவர்கள். அவன் வழக்கில் பிரதிவாதியாகச் சேர்க்கப்படுவதே இல்லை.

முந்த்ருட்சோவின் படம் அவனைச் சேர்க்கிறது. அதன் பலம் அதுதான், உருவகம் அல்ல. லிலி நாயைத் தேடுகிறாள். பிறகு அவளுடைய வயதும் நகரமும் அவளை இழுத்துக்கொள்ள, தேடல் மெல்ல ஓய்கிறது. நேசித்தவளும் விட்டுவிடுகிறாள் என்பதைப் படம் சாட்சி மாதிரிப் பதிவு செய்கிறது, சமாதானம் சொல்வதில்லை. இன்னொன்று. படத்தில் வீதியை நிறைத்து ஓடுகிற 200க்கும் மேற்பட்ட நாய்கள் கம்ப்யூட்டர் வரைந்தவை அல்ல. காப்பகங்களிலிருந்து கொண்டுவந்து பழக்கியவை. படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றுக்கு வீடுகள் தேடிக் கொடுத்தார்கள். ஒரு கலைஞன் தன் குறியீடுகளுக்குச் சோறும் கூரையும் ஏற்பாடு செய்த அபூர்வமான சம்பவம் இது. திரைக்குள் அர்த்தமாக ஓடியவை திரைக்கு வெளியே நாயாகவே நடத்தப்பட்டன. உருவகம் செய்யும் அநியாயத்துக்குப் பிராயச்சித்தம் இருக்குமானால் அது இப்படித்தான் இருக்கமுடியும்.

கடைசிக் காட்சியில் கசாப்புக்கூடத்து முற்றத்தில் நாய்க்கூட்டம் லிலியையும் தகப்பனையும் நெருக்கி நிற்கிறது. அவள் டிரம்பெட்டை எடுத்து லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரிய ராப்சடியை வாசிக்கிறாள். ஹாகன் படுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றாக எல்லா நாய்களும் படுக்கின்றன. சங்கீதம் மிருகத்தை வென்றது என்று இதற்கு அர்த்தம் சொல்கிறவர்கள் பழைய வெண்பாவுக்கே திரும்பிப்போகிறார்கள். வேல் தைத்தபடி மறுபடியும் வால் குழைக்கும் நாய். நான் பார்த்தது அதற்கு அடுத்து நடப்பதை. லிலி வாத்தியத்தை நிறுத்திவிட்டுத் தரையில் நாயின் மட்டத்துக்குப் படுக்கிறாள். இறைச்சிக்கு முத்திரை வைத்துப் பழகிய அந்தத் தகப்பனும், சற்றுப் பொறுத்து, அவள் பக்கத்தில் படுக்கிறான். எறிந்தவன் தரைக்கு வந்துவிட்டான். இது மன்னிப்பு அல்ல, நாய்கள் மன்னித்ததாகப் படம் எங்கும் சொல்லவில்லை. ஹாகன் வாலாட்டவும் இல்லை. நகரத்திலிருந்து துப்பாக்கிகள் வந்து சேர்வதற்கு முன்னால் சில நிமிஷ அவகாசம், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் என்ன செய்வது என்பதை லிலியும் சொல்லவில்லை, முந்த்ருட்சோவும் சொல்லவில்லை. கொடுத்த சொல் இன்னும் பாக்கி நிற்கிறது.