ஒரே கார், வெவ்வேறு விலை

1991இல் சட்டப் பேராசிரியர் இயன் ஏர்ஸ், சிகாகோ வட்டாரக் கார் விற்பனையகங்களில் நடத்திய ஆய்வை வெளியிட்டார். வாங்குபவர்கள் போல அங்கே அனுப்பப்பட்ட எல்லோரும் ஒரே மாதிரிதான் பேரம் பேசினார்கள். வெள்ளை ஆண்களிடம் வைத்த லாபத்தைவிடக் கறுப்பின ஆண்களிடம் இரு மடங்குக்கும் மேல், கறுப்பினப் பெண்களிடம் மூன்று மடங்குக்கும் மேல் கேட்கப்பட்டது.

இருவரும் சம்மதித்த விலையில் அநீதி ஏது என்று வாதிடுபவர்கள் உண்டு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் அதை ஏற்கவில்லை. கூட்டிச் சொல்லிக் குறைப்பது அவர்களுக்குப் பொய். கடைக்குக் குழந்தை வந்தாலும் பெரியவருக்குச் சொன்ன விலைதான்.

அந்த நேர்மை கார்க் கடையில் பாதியில் நிற்கிறது. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் புதுக் காரின் கண்ணாடியில் விலைச்சீட்டு வந்தது. ஆனால் அது உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் விலை மட்டுமே. அதன்மேல் சேரும் வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போகும். விற்பனையகம் தனக்கென வாங்கும் ஆவணக் கட்டணமோ பெரும்பாலும் கையெழுத்திடும் நேரத்தில்தான் கண்ணில் படும். புளோரிடாவில் அதற்கு உச்சவரம்பே கிடையாது.

எல்லாம் சேர்த்த மொத்தத் தொகையை முதலிலேயே எழுத்தில் கேட்டால் வாங்குபவர் தப்பிக்கலாம். அப்படிக் கேட்கத் தெரியாதவரிடம் கூடுதலாக வாங்கும் பணத்தை அவருடைய சம்மதம் என்று சொல்ல முடியாது.