மாறுகிறவன் எங்கே?

மனச்சாட்சி யாருக்கு உண்டு? இதென்ன கேள்வி, எல்லாருக்கும்தான் இருக்கு, அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவே சொல்கிறதே என்பீர்கள். சொல்கிறது. ஆனால் 2002இல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். வலுக்கட்டாயமாகவோ ஆசை காட்டியோ மோசடி செய்தோ ஒருவரை மதம் மாற்றினால் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். அந்த ஒருவர் சிறுவராகவோ, பெண்ணாகவோ, பட்டியல் சாதியினராகவோ, பழங்குடியினராகவோ இருந்துவிட்டால் நான்காண்டு, ஒரு லட்சம். குழந்தை, பொம்பளை, பறையன், பள்ளன், சக்கிலியன் எல்லாரும் ஒரே பந்தியில். வேறெங்கும் இவர்களுக்குச் சமபந்தி கிடையாது, இங்கே மட்டும் கிடைத்தது.

2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அந்தச் சட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அது திடீரென்று முளைத்ததல்ல. 1967இல் ஒரிசாவும் 1968இல் மத்தியப் பிரதேசமும் போட்ட சட்டங்களிலேயே இந்தப் பந்தி இருக்கிறது.

பலவீனமானவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புத் தருவதில் என்ன தப்பு, 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதைத்தானே செய்கிறது என்று சில தோழர்கள் கேட்பார்கள். இல்லை. வன்கொடுமைச் சட்டம் அடிக்கிறவனிடமிருந்து என்னைக் காப்பாற்றுகிறது. இதுவோ என் முடிவிலிருந்தே என்னைக் காப்பாற்றக் கிளம்புகிறது. முன்னது என்னை மனுசனாகப் பார்க்கிறது. பின்னது புத்தி போதாதவனாகப் பார்க்கிறது.

இந்தச் சட்டங்கள் நீதிமன்றம் போன கதை முக்கியமானது. ஒரிசா உயர்நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டம் செல்லாது என்றது. 'ஆசை காட்டுதல்' என்பதற்குச் சட்டம் கொடுக்கிற விளக்கம் எதை வேண்டுமானாலும் உள்ளே இழுத்துவிடும் என்பதையும் சுட்டியது. மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் தன் மாநிலச் சட்டம் செல்லும் என்றது. இரண்டும் மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் போயின. 1977 ஜனவரியில், அவசரநிலை இன்னும் முடியாத நேரத்தில், தலைமை நீதிபதி ஏ.என். ரே தலைமையிலான ஐந்து நீதிபதிகள் இரண்டு சட்டங்களும் செல்லும் என்றார்கள். மதத்தைப் பரப்பலாம், அதாவது அதன் கொள்கைகளை எடுத்துச் சொல்லலாம். இன்னொருவரை மாற்றுகிற உரிமை கிடையாது. இதுதான் ஸ்டானிஸ்லாஸ் வழக்குத் தீர்ப்பு.

ஒன்பது மாதம் முன்னால், 1976 ஏப்ரலில், இதே ரே தலைமையில்தான் அவசரநிலைக் கைதிகள் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று தீர்ப்பானது. ஒன்பது உயர்நீதிமன்றங்கள் கைதிகள் பக்கம் நின்றும் அப்படி ஆனது. அந்தத் தீர்ப்பு தவறு என்று 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் உச்சநீதிமன்றமே ரத்து செய்தது. ஸ்டானிஸ்லாஸ் தீர்ப்புக்கு அந்தக் கதி வரவில்லை. புதிது புதிதாக வருகிற மதமாற்றச் சட்டங்கள் எல்லாம் அதைத்தான் முட்டுக் கொடுத்து நிற்கின்றன.

என்னைக் குடைவது தீர்ப்பின் முடிவுகூட இல்லை. வழக்கில் ஒரு பக்கம் பாதிரியார், மறுபக்கம் அரசு. மாறுகிறவன் எங்கே? அவன் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. மாட்டை யார் ஓட்டிக்கொண்டு போனது, சொல்லிவிட்டு ஓட்டினானா சொல்லாமல் ஓட்டினானா என்று விசாரிக்கிறார்கள். மாட்டைக் கேட்க மாட்டார்கள்தானே.

இலஞ்சியிலிருந்து மீனாட்சிபுரம் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. அப்போது திருநெல்வேலி மாவட்டம், 2019 முதல் தென்காசி மாவட்டம். ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பேர் வைத்தார்கள். டெல்லி அதிர்ந்தது. வாஜ்பாய் வந்தார், ஆரிய சமாஜம் வந்தது. எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: பெட்ரோ டாலர். எவ்வளவு கொடுத்தான், யார் கொடுத்தான் என்றுதான் கேட்டார்கள். ஏன் போனீர்கள் என்று கேட்டவர்களுக்கு அந்த மக்கள் தீண்டாமையைச் சொன்னார்கள், போலீஸ் தொல்லையைச் சொன்னார்கள். அது யார் காதிலும் ஏறவில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நேற்று வரைக்கும் "ஏலே" என்று கூப்பிட்டவன், தொப்பி போட்ட மறுநாள் "வாங்க பாய், உக்காருங்க" என்றானாம். இப்போது சொல்லுங்கள், அந்த பெஞ்சு ஆசை காட்டுதலா? சட்டத்தின் கண்ணுக்கு அப்படித்தான் படும், ஏனென்றால் மாறினால் கிடைக்கிற ஒரு பலன் அது. ஆன்மிகம் வேறு, லாபம் வேறு என்று பிரித்துவைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு இது லாபக் கணக்கு. ஆனால் தெய்வம் என்று ஒன்றை நம்புகிறவன், என்னை நிற்கவைத்து வேறு குவளையில் ஊற்றச் சொன்ன தெய்வத்தைவிட உட்காரச் சொன்ன தெய்வம் மேல் என்று முடிவு செய்தால், அது மனச்சாட்சியின் தீர்ப்பு இல்லாமல் வேறென்ன? பூணூல் போட்டவன் பதவிக்கும் பிள்ளைவரத்துக்கும் கோயில் கோயிலாகச் சுற்றுகிறான். அவன் பக்தியில் லாப நோக்கம் எத்தனை சதவீதம் என்று எந்த நீதிமன்றமும் அளக்கப் போவதில்லை. எங்கள் நம்பிக்கை மட்டும் சொக்கத் தங்கமாக இருக்க வேண்டுமாம்.

அம்பேத்கர் இதை மறைக்கவேயில்லை. 1936இல் மகர் மாநாட்டில் மதமாற்றத்தைப் பற்றிப் பேசும்போது சமூகப் பக்கம், ஆன்மிகப் பக்கம் இரண்டையும் வைத்தே வாதாடினார். இருபது வருசம் யோசித்து 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார்.

மாறினவனுக்குக் கேடு அத்தோடு முடியவில்லை. 1950 ஜனாதிபதி ஆணைப்படி இந்துவுக்குத்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை, இந்துத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பங்க் கடை கொடுத்த அரசு தனக்குத் தரவில்லையென்று வழக்குப் போட்டார். 1985இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதி ஒடுக்குகிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லையாம். கையில் செருப்பும் ஊசியும் இருந்தது போதாதா? சர்ச்சுக்குள் சாதி இருக்கிறதா என்று 2008இல் எறையூரில் தனிப்பங்கு கேட்டு நின்ற தலித் கத்தோலிக்கரிடம் கேட்டிருக்கலாம். மாறினால் சாதி போய்விடும் என்று நான் சொல்ல வரவில்லை. போகாத சாதியைச் சுமந்துகொண்டே ஒருவன் தன் தெய்வத்தைத் தேர்ந்தெடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

2018இல் ஹாதியா வழக்கில், கேரள உயர்நீதிமன்றம் ரத்து செய்த திருமணத்தை உச்சநீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. வயதுவந்த பெண்ணின் மதமும் துணையும் அவள் விருப்பம் என்றது. நல்ல தீர்ப்பு. மாறின ஒரு ஆளை நேரில் வரச்சொல்லி, நீ என்ன சொல்றே என்று நீதிமன்றம் கேட்டது அங்கேதான்.

ஆனால் 2024 நவம்பர் 26, அரசியல் சட்ட நாள். புதுச்சேரிப் பெண் ஒருவர் எழுத்தர் வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில் அன்றைக்குத் தீர்ப்பு. நான் இந்து என்று அவர் சொன்னார். சொன்னது எடுபடவில்லை. ஞானஸ்நானப் பதிவும் கோயிலுக்குப் போகிறாரா சர்ச்சுக்குப் போகிறாரா என்ற கள விசாரணையும்தான் எடுபட்டன. உண்மையான நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்சநீதிமன்றம்.

வெளியே போனால் ஆசை காட்டி இழுத்தார்கள், திரும்பி வந்தால் மோசடி. 2022இல் மத்திய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டது, 2023இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. எங்கள் தெருக்களிலோ பிள்ளைக்குச் சர்ச்சில் ஒரு பேர், சர்ட்டிபிகேட்டில் ஒரு பேர் என்று காலங்காலமாக வைத்துப் பழகியாயிற்று. விசாரணைக்கு ஆள் வருகிற அன்றைக்குச் சிலுவையைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைக்கிற தாயிடம், உன் நம்பிக்கை உண்மையானதா என்று கேட்கிற யோக்கியதை யாருக்கு இருக்கிறது?