பிறவாத உடலும் அறுவையின் அறமும்

சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாடலாக வழங்கும் புறநானூற்று 74ஆம் பாடல், இறந்து பிறந்த குழவியையும் உருவம் நிரம்பாத தசைப்பிண்டத்தையும் ஆள் அல்ல என்று ஒதுக்காமல் வாளால் கீறும் மறக்குடி வழக்கத்தைச் சுட்டுகிறது. அக்கீறல் சிதைப்பு அன்று; ஆள் என்னும் ஏற்பு. இன்று அத்தகைய உடலில் மருத்துவக் கத்தி படுவது ஏற்பா, சிதைப்பா என்பது ஆராயத்தக்கது.

கருவின் தோலடியிலும் நெஞ்சறை, வயிற்றறை, இதய உறை ஆகியவற்றிலும் இரண்டு இடங்களிலேனும் நீர் மிகுவதை மருத்துவர் ஹைட்ராப்ஸ் என்பர். இந்நீர்க்கோப்பு தனி நோயன்று. பல நோய்களின் இறுதித் தோற்றம். ஆர்எச் இரத்தக் காரணி முரண்பாடு, இதயக் குறை, நிறப்புரிப் பிறழ்வு, பார்வோ வைரசுத் தொற்று, ஆல்பா தலசீமியா எனக் காரணங்கள் பலவாகும். தொற்றால் நேர்ந்ததெனின் அடுத்த கருவில் அது மீள்வது அரிது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் ஒடுங்கு மரபணுக் குறையெனின் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. வெளித்தோற்றம் ஒன்றாயினும் பெற்றோரின் எதிர்காலம் வேறாகிறது. பிறப்புக்கு முந்தைய சோதனைகள் விடை தராதபோது உடற்கூறாய்வு அதனைத் தரக்கூடும்.

ஆயினும் பயன் மட்டுமே உரிமையாகிவிடாது. மறக்குடியில் வாள் எடுத்தோர் உறவினர். மருத்துவமனையில் கத்தி எடுப்பவர் அயலார். இவ்வேறுபாட்டை ஈடுசெய்வது பெற்றோரின் இசைவு ஒன்றே. புனே நகரின் வானவடியில் அமைந்த படைத்துறை மருத்துவக் கல்லூரி 1948இல் தோன்றியது. பல மொழி பேசும் படைவீரர் குடும்பங்களுக்கு மருத்துவம் செய்வோர் அங்குப் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவர் தமிழ் மட்டுமே அறிந்த தாயிடம் இசைவு கேட்க நேரின், அவள் அறியாத மொழிப் படிவத்தில் பெறும் கையொப்பம் இசைவாகாது. எது அறுக்கப்படும், எது வைத்துக்கொள்ளப்படும், உடல் எப்போது திரும்பும் என்பவற்றை அவள் மொழியில் கூறுதல் வேண்டும். அறுவையை மறுப்பின், வெளிப்புறத் தேர்வு, எக்ஸ்ரே, நச்சுக்கொடி ஆய்வு, சிறு திசுக்கூறு ஆகியவற்றுள் அவள் இசைவனவற்றோடு அமைதல் தகும்.

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் 28 வாரம் நிரம்பிய கருவின் இறப்பே இறந்து பிறத்தலாகப் பதிவாகிறது. புறநானூற்றுப் பாடல் வார எல்லை எதுவும் வகுக்கவில்லை. பதிவேட்டில் இடம்பெறாத உடலுக்கும் காரணம் தேடுதல் அதனை ஆளாக மதிப்பதாகும். பெற்றோரைக் கேளாது தேடுதல் அதனைப் பொருளாக்குவதாகும். ஆகவே அறுவையின் அறம் கத்திக்கு முன் நிகழும் உரையாடலிலேயே நிலைபெறுகிறது எனலாம்.