மாயாவியின் கண்கள்

படக்கதை நாயகர் மாயாவிக்குக் கருவிழி கிடையாது. முகமூடியில் இரண்டு வெள்ளை வெளிகள். அவைதான் அவருடைய கண்கள். 1936இல் அவரைப் படைத்த லீ ஃபாக், கிரேக்கச் சிலைகளின் கண்களில் கருவிழி இல்லாததைப் பார்த்தே அப்படி வரையச் சொன்னதாகக் கூறியிருக்கிறார். ஓவியர்கள் பலர் மாறினார்கள். அந்த வெள்ளை மாறவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவன் கொடிய சாவு சாவான் என்பது காட்டுச் சனங்களின் நம்பிக்கை. மனைவி டயானா பார்க்கலாம். வாசகருக்கு அந்த உரிமை இல்லை.

எனக்கு அவரைக் காட்டித்தந்தவர் மூதூர் லோஞ்சில் வேலைசெய்த என் சித்தப்பா. பல கை மாறி அட்டை கிழிந்த ராணி காமிக்ஸ் புத்தகங்களைச் சாரத்து மடியில் சொருகிக்கொண்டு வருவார். தாள்கள் உப்புக்காற்றில் ஊறியிருக்கும். கடற்கொள்ளையரிடம் தகப்பனைப் பறிகொடுத்துக் கரை ஒதுங்கிய ஒருவன் செய்த சத்தியம்; அதைத் தகப்பனுக்குப் பின் மகனாக இருபத்தொரு தலைமுறை சுமக்கிறது. ஆள் சாகிறார், மாயாவி சாவதில்லை. துறைமுகத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

1996இல் சைமன் வின்சரின் படம் வந்தது. பில்லி சேன் மாயாவி. எங்களிடம் அது வீடியோ கசெற்றாகத்தான் வந்துசேர்ந்தது. குதிரை, ஓநாய், மண்டையோட்டுக் குகை, மோதிரம் எல்லாம் இருந்தன. பில்லி சேன் அந்த வேடத்தை மதித்தே நடித்திருந்தார். ஆனால் முகமூடிக்குள் ஈரமாக அசையும் இரண்டு கண்கள். “கண்ணைக் காட்டிப்போட்டாங்களடா” என்றார் சித்தப்பா. அதற்குமேல் அவர் பார்க்கவில்லை.

இது வெறும் ரசிகப் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. சித்தப்பா கேட்டது சமயக் கேள்வி. காட்டாத முகத்தைக் காட்டிவிட்டால் என்ன குறைந்துபோகிறது?

சைவ சித்தாந்தம் இறைவனுக்கு மூன்று நிலைகள் சொல்கிறது: அருவம், உருவம், இடையில் அருவுருவம். இலிங்கம் அருவுருவம். காணலாம், பூச்சாத்தலாம், முகம் மட்டும் இல்லை. எங்கள் ஊரான திருகோணமலையில் கோணேசர் முன்னால் கடற்றொழிலாளி நிற்கிறார், வயற்காரர் நிற்கிறார், மகனைத் தொலைத்த தாய் நிற்கிறாள். எல்லாரும் பார்ப்பது ஒரே கல்லை. அது தன்னைப் பார்க்கிறது என்பதில் அவர்களில் ஒருவருக்கும் ஐயமில்லை. கதிர்காமத்தில் மூலத்தானத்தின் திரை அடியாருக்காக விலகுவதே இல்லை. வெருகல் வழியாக நாட்கணக்கில் நடந்துபோனவர்கள், சீலையில் வரைந்த முருகனைக் கும்பிட்டு மனம் நிறைந்து திரும்புகிறார்கள். மாயாவியின் வெள்ளைக் கண்களையும் நான் அருவுருவம் என்றே கொள்கிறேன். இரவில் சூட்டுச் சத்தம் கேட்டுப் பயந்த பிள்ளை, தன்னைக் காக்கும் பார்வையை அந்த வெளிக்குள் தானே வைத்துக்கொண்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த காலத்தில் மண்ணுக்குள் போன வெண்கலத் திருமேனிகள் 1950இல் கிணறு தோண்டும்போது வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர் முதலான, முகமுள்ள மூர்த்திகள். மூன்று நூற்றாண்டு காணாதிருந்ததைக் கண்டு ஊர் நெகிழ்ந்தது. காட்சி தருவதும் அருள்தானே?

அருள்தான். ஆனால் அந்தத் திருமுகம் எந்த மனிதரிடமும் இரவல் வாங்கியதல்ல. தியான சுலோகமும் தாளப் பிரமாணமும் சொன்னபடி சிற்பி வார்த்தது. நடிகரின் முகம் அவருக்கே சொந்தம். அடுத்த படத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். 1997இல் டைட்டானிக் வந்தது. ரோஸை மணக்கவிருந்த பணக்காரனாக, துப்பாக்கியோடு படிகளில் துரத்திவந்தவர் அதே பில்லி சேன். அதன்பிறகு நான் ராணி காமிக்ஸை விரித்தபோதெல்லாம் அந்த வெள்ளைக்குள் அவன் கண்கள் வந்து உட்கார்ந்தன. அவற்றை வெளியேற்ற வெகுகாலம் பிடித்தது. நடிகர்மேல் எனக்குக் குறை இல்லை, அது அவர் தொழில். எவருக்கும் உரியதாகாமல் இருந்ததாலேயே எல்லாருக்கும் உரியதாக இருந்த ஒரு பார்வையை, படம் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. சித்தப்பா அன்று இழந்தது அதைத்தான்.

மாயாவியை மறுபடி படமாக்க வருகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். நடிகர் யாராகவும் இருக்கட்டும், உடை எந்த நிறமாகவும் இருக்கட்டும், கதையைக்கூட மாற்றிக்கொள்ளுங்கள். கண்களை வெள்ளையாகவே விடுங்கள்.