விழாத சிலையும் விழக்கூடிய மனிதனும்

போலந்தில் பிட்கோஷ்ச் என்றொரு நகரம். நடுவே ஓடும் பிர்டா ஆற்றின் குறுக்கே ஒரு கம்பி கட்டியிருக்கிறார்கள். கம்பியின் மேல் ஒருவன் நடக்கிறான். 2004 மே 1, போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த அன்று ஏறியவன், இன்னும் அக்கரை போய்ச் சேரவில்லை. சேரவும் மாட்டான். அவன் சிலை.

செய்தவர் யெஜி கெஞ்ஜோரா. 1947இல் பிறந்தவர். கம்பிமேல் நிற்கும், தொங்கும், வளையும் உருவங்களைப் பல ஆண்டுகளாகச் செய்துவருபவர். காற்றடித்தால் சிலை ஆடும். கீழே நிற்கும் ஆளுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் விழாது.

ஏன் விழாது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. உருவத்தின் மொத்த எடையின் மையம் கம்பிக்குக் கீழே இருக்கும்படி அமைத்துவிட்டால் போதும். சாய்த்தால் தானே திரும்பிவரும். நம்ம தஞ்சாவூர்ப் பொம்மையும் கிட்டத்தட்ட இதே சங்கதிதான். அடியில் கனம், உருண்டையான பாதம். எவ்வளவு தள்ளினாலும் எழுந்து உட்கார்ந்துவிடும். குழந்தைகூட இரண்டு நாளில் அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடும்.

அப்படியானால் ஒரு கேள்வி. விழவே முடியாத ஒன்று நிற்பதைப் பார்த்து நாம் வியப்பது சரிதானா?

*

கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் சமநிலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சிலை இல்லை, கரகம். உத்தமபாளையத்திலிருந்து கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் என்று மலையடிவாரமாகவே போகும் பாதையில் எந்த ஊர்த் திருவிழாவிலும் நையாண்டி மேளம் கேட்டால் ஜனம் ஓடும். தலையில் பித்தளைச் செம்பு, உச்சியில் கிளி, கையால் தொடக் கூடாது. ஆடுகிறவரின் கழுத்தைக் கவனித்துப் பாருங்கள். அது ஒரு நொடியும் சும்மா இருக்காது. கரகம் அசையாமல் இருப்பதற்காக உடம்பு முழுக்க அசைந்துகொண்டிருக்கிறது. இங்கே கனம் தலைக்கு மேலே. ஒவ்வொரு நொடியும் விழப் பார்க்கிறது, ஒவ்வொரு நொடியும் பிடிக்கப்படுகிறது.

தெருவில் கயிறு கட்டி நடக்கும் கழைக்கூத்தாடிக் குழந்தைக்கும் இதே கதைதான். அதன் கையிலிருக்கும் நீளமான கழி, சாய்வதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் குழந்தை தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். கீழே வலை கிடையாது. விரித்திருப்பது சில்லறைக்கான துணி மட்டும்தான்.

சிலையின் சமநிலை பட்டறையிலேயே முடிந்துபோன வேலை. மனிதரின் சமநிலை முடிவதே இல்லை. இரண்டையும் ஒரே வார்த்தையால் சொல்கிறோம் என்பதுதான் சிக்கல். "லைஃபை பேலன்ஸ் பண்ணக் கத்துக்கோ" என்று உங்களிடம் சொல்பவரை ஒருமுறை கவனியுங்கள். அநேகமாக அவருக்கு அடியில் எங்கோ கனம் இருக்கும். சொந்த வீடு, நாலு ஏக்கர் தோப்பு, சிபாரிசுக்கு ஒரு மாமா. அவர் ஆடுவார், விழ மாட்டார். அதைத் தன் திறமை என்றும் நினைத்துக்கொள்வார்.

*

இப்போது கண்காட்சிக்கு வருவோம். ஒரு மூத்த சிற்பி. நாற்பது வருடம் ஒரே மாதிரி உருவங்களால் பேர் வாங்கியவர். திடீரென்று அந்தப் பழைய உருவங்களோடு, தனக்கே பழக்கமில்லாத புதிய சோதனைகளையும் சேர்த்து வைக்கிறார். வருகிறவர்கள் பழையவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். புதியவற்றின் முன் இரண்டில் ஒன்று சொல்வார்கள்: "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" அல்லது "இந்த வயசுலயும் பாருங்களேன்!"

முதலாவது அவமதிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதும் அவமதிப்புதான், மரியாதை உடுத்திக்கொண்டு வருகிறது. இரண்டுமே வயதைப் பார்க்கின்றன, வேலையைப் பார்க்கவில்லை. அவர் எதைச் செய்தாலும் கைதட்டுவது என்று முடிவெடுத்துவிட்டால், அவருடைய பேரை அவருக்கு அடிக்கனமாகக் கட்டித் தொங்கவிடுகிறோம். இனி அவர் விழ முடியாது. விழ முடியாதவர் செய்வது சோதனையும் இல்லை.

பண்ணைப்புரத்துக்காரர் ஒருவரை வைத்தே இதை யோசிக்கலாம். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, 1986இல் ‘ஹௌ டு நேம் இட்’ என்ற இசைத்தொகுப்பைப் பாகுக்கும் தியாகராஜருக்கும் சமர்ப்பித்து வெளியிட்டார். 2025 மார்ச் 8 அன்று, 81 வயதில், லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்துத் தன் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார். அன்றைய நம் டைம்லைன்களை நினைத்துப் பாருங்கள். முதல் ஸ்வரம் ஒலிக்கும் முன்பே பலரிடம் தீர்ப்பு தயாராக இருந்தது. கடவுள் என்றார்கள், அல்லது ஆணவம் என்றார்கள். இரண்டுக்கும் இசையைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. ஆயிரம் படங்களைத் தாண்டிய ஒருவர் புதிதாக ஒன்றை எழுதுகிறார் என்றால், அவர் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: உட்கார்ந்து கேள். கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்பவர், கேட்காமலே காலில் விழுபவரைவிட அவருக்கு நெருக்கமானவர்.

‘அப்போ நன்றிக்கு இடமே இல்லையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பேருந்துப் பயணங்களை, காதல்களை, சாவு வீடுகளைத் தாங்கிப் பிடித்தவரிடம் கணக்குப் பார்ப்பது எப்படி? நன்றி வேண்டும். ஆனால் நன்றி செய்துமுடித்த வேலைக்கு உரியது. புதிய வேலைக்கு உரியது கவனம். முன்னதைக் கொடுத்துப் பின்னதைக் கழித்துக்கொள்ளக் கூடாது.

*

சுவாமிமலைப் பட்டறைகளில் இதற்கு ஒரு தெளிவான நீதி இருக்கிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் செய்வார்கள். மேலே வண்டல் மண் பூசுவார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை. அச்சு ஒரு தடவைக்குத்தான். உள்ளே காற்று நின்றிருந்தால், ஒரு விரல் நிரம்பாமல் போயிருந்தால், மறுபடி மெழுகிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒற்றைக்காலில் நிற்கும் நடராஜரும் இப்படித்தான் பிறக்கிறார். ஐம்பது வருட அனுபவம் தவறுகளைக் குறைக்கும். ஆனால் ஊற்றும் நேரத்தில் உலோகத்துக்கு ஸ்தபதியின் வயதும் தெரியாது, விருதும் தெரியாது.

பார்வையாளராக நாம் அந்த உலோகத்தைப் போல இருக்க முயலலாம். முழுக்க அல்ல. ஏனென்றால் ஒரு வித்தியாசத்தை நாம் கணக்கில் எடுத்தாக வேண்டும். மூத்தவர் விழுந்தால் அவருக்குப் பின்னால் நாற்பது வருட வேலை நிற்கிறது. ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, கடன் வாங்கி, முதல் கண்காட்சி வைக்கும் இருபத்திமூன்று வயதுப் பெண் விழுந்தால் அவளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. ஒரே ஒரு கிண்டலான விமர்சனம் அவளை நிரந்தரமாக வேறு வேலைக்கு அனுப்பிவிடும். நாம் செய்வதோ தலைகீழ். விழுந்தாலும் அடிபடாதவருக்கு மெத்தை போடுகிறோம், அடிபடக்கூடியவளிடம் "எங்கே, செஞ்சு காட்டு" என்கிறோம்.

வலை இளையவர்களுக்கு விரிக்கப்பட வேண்டும்: இரண்டாவது வாய்ப்பு, வாடகை இல்லாத ஒரு அறை, பொறுமையான ஒரு வாசிப்பு. மூத்தவர்களுக்குத் தர வேண்டியது விழுவதற்கான உரிமை. அது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் புதிதாகக் கம்பி ஏறும் ஒரு கிழவரின் காலடியை உண்மையாகக் கவனிக்கிறவர்கள், அவர் விழலாம் என்று நம்புகிறவர்கள் மட்டும்தான்.