மருமகன் வீட்டு வாசலில்

வயதான பிறகு ஒருவர் மாற முடியுமா? 'இனிமேல் எங்கே மாறப்போகிறார்' என்று ஊர் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஆளே 'எனக்கு வயதாகிவிட்டது, என்னை விட்டுவிடுங்கள்' என்று சொல்லும்போதுதான் எனக்கு மனம் பதைக்கிறது. 1951-இல் வந்த 'ஸ்க்ரூஜ்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில் அலெஸ்டர் சிம் அப்படித்தான் கெஞ்சுகிறார். நான் தேறமாட்டேன், வேறு யாராவது இளவயதுக்காரனைப் பார்த்துத் திருத்துங்கள் என்று ஆவியிடமே சொல்லிப் பார்க்கிறார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போதெல்லாம் நான் தேடிப் பார்க்கிற படம் இது. அந்தக் கெஞ்சலை டிக்கன்ஸ் எழுதவில்லை, படம் சேர்த்தது. ஆனால் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

'ஏ கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பரில் வெளியானபோது டிக்கன்ஸுக்கு 31 வயது. அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் இருக்க, 12 வயதில் பூட்ஸ் மை தயாரிக்கும் பட்டறையில் வேலைக்குப் போனவர் அவர். காசு இல்லாதவனை உலகம் எப்படிப் பார்க்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் படைத்த ஸ்க்ரூஜ் லண்டனில் வட்டிக்கு விட்டுச் சம்பாதிக்கும் கிழவர். கணக்குப்பிள்ளை பாப் கிராட்சிட்டுக்கு அடுப்புக் கரி கொடுக்கக்கூடக் கை வராது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, செத்துப்போன கூட்டாளி மார்லியின் ஆவி வந்து எச்சரிக்கிறது. அதன் பின்னால் கடந்த காலம், நிகழ்காலம், வருங்காலம் என்று மூன்று ஆவிகள் வருகின்றன.

இப்படி ஒரு கதை கிடைத்தால் சினிமா விடுமா? 1901-லேயே இங்கிலாந்தில் ஒரு மௌனக் குறும்படம் வந்துவிட்டது. அதில் ஸ்க்ரூஜ் வீட்டு வாசல் கதவில் மார்லியின் முகம் தோன்றுவதைப் படத்தின்மேல் படம் ஏற்றிக் காட்டியிருக்கிறார்கள். அன்று தொடங்கிய ஆசை, ஆவியை இன்னும் பயங்கரமாகக் காட்டுகிற ஆசை, இன்றுவரை ஓயவில்லை. 1970-இல் ஆல்பர்ட் ஃபின்னி நடித்த இசைப்படத்தில் ஸ்க்ரூஜ் நரகத்துக்கே போய்ச் சங்கிலியைச் சுமக்கிறார். ஜிம் கேரியை வைத்து 2009-இல் வந்த அனிமேஷனில் அவரைத் தெருத்தெருவாகத் துரத்துகிறார்கள். குழந்தைகள் ரசிப்பார்கள், எனக்கும் குறை சொல்ல மனமில்லை. ஆனால் சாவுக்குப் பயந்து ஒருவர் நல்லவரானால், பயம் தெளிந்ததும் பழைய ஆளாகிவிட மாட்டாரா? டிக்கன்ஸ் கல்லறையைக் கடைசியில்தான் காட்டினார். பள்ளிக்கூடத்தில் தனியாக விடப்பட்ட தன்னையே சிறுவனாகப் பார்த்தபோதே கிழவர் அழுதுவிட்டார்.

சிம் நடித்த படத்தை எழுதிய நோயல் லாங்லி இந்த இடத்தைத்தான் ஆழமாகத் தோண்டினார். நாவலில் தங்கை ஃபேன் பின்னாளில் இறந்துபோனாள் என்ற தகவல் மட்டும் உண்டு. படத்தில் அவள் அக்கா. மகன் ஃப்ரெடைப் பெற்றெடுத்துவிட்டுச் சாகிறாள். தம்பி துக்கம் தாங்காமல் அறையை விட்டு வெளியேறுகிறான். அவன் போன பிறகு, பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று அவள் முனகுவது அவன் காதில் விழவே இல்லை. அக்காவின் உயிரைக் குடித்துப் பிறந்தவன் என்று அந்தப் பிள்ளையை ஒதுக்கியே வைத்துவிட்டார் தாய்மாமன். இத்தனை வருஷம் கழித்து, ஆவியின் பக்கத்தில் நின்று, அந்தக் கடைசி வேண்டுகோளை முதல்முறையாகக் கேட்கிறார். அந்த நேரத்தில் சிம்மின் முகம் உடைவதைப் பார்த்தால், எந்தச் சங்கிலியும் தேவையில்லை என்று தோன்றும்.

அதனால்தான் கிறிஸ்துமஸ் அன்று அவர் ஃப்ரெட் வீட்டுக்குப் போகும் காட்சி எனக்கு மொத்தப் படத்தையும்விடப் பெரிது. முந்தின நாள்தான் விருந்துக்கு அழைத்தவனை விரட்டியிருக்கிறார். உள்ளே பாட்டும் பேச்சும் கேட்கின்றன. தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கூடத்துக் கதவருகே நிற்கிறார். கை போகவில்லை. திரும்பி, கதவைத் திறந்துவிட்ட வேலைக்காரப் பெண்ணைப் பார்க்கிறார். போங்கள் என்பதுபோல் அவள் தலையசைக்கிறாள். அப்புறம்தான் நுழைகிறார். ராத்திரி முழுக்க ஆவிகளோடு சுற்றியவருக்கு நாலு மனிதர்கள் இருக்கும் அறைக்குள் போகத்தான் கால் நடுங்குகிறது. 'வயதாகிவிட்டது' என்று அவர் ஆவியிடம் சொன்னதற்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் பிடிபட்டது. யாருக்கெல்லாம் கெடுதல் செய்தாரோ அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற பயம்தான் அது. வயதான பலரிடமும் நான் பிடிவாதம் என்று எண்ணியது இதுவாகவே இருந்திருக்கும் என்று இப்போது நம்புகிறேன். அவர்களிடம் இன்னொரு புத்திமதி சொல்வதைவிட, அந்தப் பெண்போல் ஒருமுறை தலையசைத்தால் போதும்.

அதற்கு முன்பே, காலையில், வீட்டு வேலைக்கு வரும் மிஸஸ் டில்பர் அவரது கூத்தாட்டத்தைப் பார்த்து அலறி ஓடுகிறாள். அவர் துரத்திப்போய்ப் படிக்கட்டில் நிறுத்தி ஒரு தங்கக் காசைக் கொடுத்து, சம்பளத்தையும் கூட்டுகிறார். வருங்காலக் காட்சியில், அவர் செத்த பிறகு அவர் சாமான்களைக் காயலான் கடையில் விற்றவள் இவள்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். மற்ற ஸ்க்ரூஜ்களிலும் எனக்குப் பிடித்தவர்கள் உண்டு. 1984-இல் ஜார்ஜ் சி. ஸ்காட், தன் பக்கம்தான் நியாயம் என்று கடைசிவரை வாதாடும் வியாபாரி. 1992-இல் மைக்கேல் கெயின், பேசும் பொம்மைகளுக்கு நடுவே துளியும் கேலி இல்லாமல் நடித்தார். ஆனாலும் சிம்மிடம்தான் திரும்பிப் போகிறேன்.

எல்லாம் சரியாகிவிடுவதாக அந்தப் படம் ஏமாற்றவும் இல்லை. இளமையில் அவரை நேசித்த பெண் திரும்பி வரவில்லை, அக்காவும் வரவில்லை. மறுநாள் தாமதமாக வந்த பாப்பை மிரட்டுவதுபோல் நடித்து, சம்பள உயர்வைச் சொல்லி அனுப்பிவிட்டு, கணக்கெழுத உட்காருகிறார் கிழவர். சிரிப்பு அடங்கவில்லை. இவ்வளவு சந்தோஷத்துக்கு எனக்குத் தகுதி கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அடக்க முடியாமல் இறகுப் பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு மேலும் சிரிக்கிறார்.